'சரிங்க' என்றால் சரி இல்லை: கொங்கு ஊர்களில் சுகாதாரச் செய்தி சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

காங்கயம் பக்கம் ஒரு ஊரில் சர்க்கரைப் பரிசோதனை முகாம். எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்கு 280 காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து, இனிப்பைக் குறைப்பதில் தொடங்கி, காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்பது வரை கால் மணி நேரம் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க கண்ணு, சரிங்க" என்றார். ஒரு எதிர்க்கேள்வி கிடையாது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். முகாம் முடிந்து டீக்கடைக்குப் போனால், அதே பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து நாட்டுச்சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கூச்சமே படாமல் சிரித்தார். "இது வெள்ளச் சக்கரை இல்லீங் கண்ணு, நாட்டுச்சக்கரைங்க. இது ஒண்ணும் பண்ணாதுங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு சுகாதாரச் செய்தியை யாரும் "முடியாது" என்று மறுப்பதில்லை. மறுப்பும் "சரிங்க" என்றுதான் வரும். இது புரியாமல் நான் பல முகாம்களை வெற்றி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியர்கள், முகாம் நடத்தும் தன்னார்வலர்கள், பனியன் கம்பெனிகளில் தொழிலாளர் நலம் பார்ப்பவர்கள், துண்டறிக்கை எழுதுபவர்கள் எல்லோருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். அப்பாவின் பீடியை நிறுத்த முடியாமல் தவிக்கும் மகளுக்கும்தான்.

முதல் படி: 'சரிங்க'வைப் பிரித்துக் கேளுங்கள்

1966இல் ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். தன் கையில் இருக்கிறது என்று ஒருவர் நினைக்கும் உரிமையில் யாராவது கை வைத்தால், அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ள மனசு முறுக்கும். தடுத்த பொருள் முன்பைவிட ருசியாகத் தெரியும். இதற்கு நாம் புதுக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. "சொன்னா முறுக்கிக்கறான்" என்று தினமும் சொல்கிறோமே, அதேதான். 2005இல் டில்லர்டு, ஷென் என்ற இருவர் இந்த முறுக்கலை அளக்க வழி சொன்னார்கள். கோபமும், மனசுக்குள் ஓடும் எதிர்வாதமும் பின்னிக் கிடப்பதுதான் முறுக்கல் என்றார்கள்.

நம்மிடம் சிக்கல் இங்கேதான். வீட்டுக்கு வந்தவரிடம் கோபத்தைக் காட்டக் கூடாது என்பது கொங்கு வளர்ப்பு. நேற்றுப் பிறந்த பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்று கூப்பிடும் ஊர். ஆக, கோபம் உள்ளேயே தங்கிவிடும். எதிர்வாதம் டீக்கடைக்குப் போய்விடும். உங்கள் காதில் விழுவது 'ங்க' மட்டும்தான்.

எனக்குப் பழகிய சில பதில்களைச் சொல்கிறேன். நீங்கள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே வேகமாக வரும் "சரிங்க, சரிங்க" என்றால், 'போதும், நிறுத்துங்கள்' என்று பொருள். "பாக்கலாமுங்க" என்றால் இல்லை. "அதுக்கென்னங்க, பண்ணிட்டாப் போச்சு" என்றால் உங்கள் மனம் நோகக் கூடாது என்று பார்க்கிறார், அவ்வளவுதான். "ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்பது மட்டும் இரண்டு பக்கமும் போகும். நிஜமாகவே கேட்பவர்களும் உண்டு. "யாருகிட்டக் கேப்பீங்க? நானும் கூட வந்து சொல்லட்டுங்களா?" என்று ஒரு கேள்வி போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

இவற்றுக்கு நடுவில் ஒருவர், "ஏனுங்க, அந்த மாத்திரையப் போட்டா கிட்னி போயிருமுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவர் உங்களை நம்ப ஆரம்பித்துவிட்டார், அதனால்தான் எதிர்வாதத்தை உங்கள் முன்னாலேயே வைக்கிறார். கட்டுப்படாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும், மாத்திரை அதைத் தள்ளிப்போடத்தான் தருகிறார்கள் என்று அவரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். உங்களை விட்டால் டீக்கடையில் பதில் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் படி: யாருடைய உரிமையில் கை வைக்கிறீர்கள் என்று பாருங்கள்

ஈவா யோனாஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. 'நான்' என்று யோசிக்கப் பழகிய பண்பாட்டில் வளர்ந்தவர்கள், தங்கள் சொந்த உரிமைக்குத் தடை வந்தால் முறுக்குகிறார்கள். 'நாம்' என்று யோசிப்பவர்கள் அதற்கு அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. கூட்டத்தின் உரிமைக்குத் தடை வந்தால் அவர்கள்தான் அதிகம் முறுக்குகிறார்கள். கூட்டாக வாழும் மக்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்வார்கள் என்று நாம் போடும் கணக்கு பாதிதான் சரி.

அந்த நாட்டுச்சர்க்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுந்தப்பாடிச் சந்தைக்குப் போயிருந்தால் தெரியும், மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போவது இங்கிருந்துதான். கரும்பு வெட்டி, ஆலை ஆட்டி, கொப்பரையில் காய்ச்சிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர்களுக்கு நடுவில் நின்று "நாட்டுச்சர்க்கரையும் கெடுதல்தான்" என்று மைக்கில் சொன்னால், அது ஒருவரின் டீயைப் பற்றிய பேச்சாகக் கேட்காது. ஊரின் உழைப்பையும் முருகன் பிரசாதத்தையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் கேட்கும். உண்மை என்னவோ எளிமையானது. நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சர்க்கரைதான், ரத்தத்தில் அதே மாதிரி ஏறும். இதை எப்படிச் சொல்வது? "நாட்டுச்சர்க்கரை நல்ல பொருளுங்க, உங்க பேரனுக்குக் குடுங்க. உங்களுக்கு வந்திருக்கற சீக்குக்கு மட்டும் வெள்ளையும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்" என்று நான் சொல்கிறேன். பொருளின் மரியாதை அப்படியே இருக்கிறது. சிக்கல் அவர் உடம்போடு நின்றுவிடுகிறது.

ஒறம்பரை, அதாவது விருந்தாளியாக வரும் சொந்தபந்த விஷயமும் இப்படித்தான். வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு இலையில் இனிப்பு வைக்காமல் அனுப்புவதும், வைத்த இனிப்பைத் தொடாமல் எழுந்திருப்பதும் இங்கே சாதாரணக் குற்றம் இல்லை. 'விருந்தில் இனிப்பை மறுத்துவிடுங்கள்' என்று எழுதும் துண்டறிக்கை, உண்மையில் உறவை முறிக்கச் சொல்கிறது. ஒப்புட்டில் (போளியில்) ஒரு வாய் பிட்டு வாயில் போட்டு, மீதியைப் பக்கத்து இலைக் குழந்தைக்குத் தள்ளுவதற்கு எங்கள் ஊரில் எல்லாக் கிழவிகளுக்கும் தெரியும். அதை எழுதுங்கள்.

மூன்றாம் படி: எந்த வாய் சொல்ல வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். வாசகத்தைவிட வாய் முக்கியம்.

வெரீனா கிராப்மான் குழுவின் 2012 ஆய்வு முந்தையதன் தொடர்ச்சி மாதிரி. 'நாம்' என்று யோசிப்பவர்கள், தடை வெளியாள் வாயிலிருந்து வரும்போது அதிகம் முறுக்குகிறார்கள். 'நான்' என்று யோசிப்பவர்களுக்கோ தன் ஆள் தடுத்தால்தான் அதிகம் எரிகிறது. நம் ஊருக்குச் சென்னையிலிருந்து வரும் குரல் வெளியாள். கோட் போட்ட டாக்டரும் பாதி வெளியாள்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அந்தந்தப் பகுதிப் பெண்களே வீட்டுக்கு வந்து கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். மாத்திரை வீட்டு வாசலுக்கு வருவதோடு, தெரிந்த முகத்தின் கையால் வருவதும் ஒரு லாபம்.

தன் ஆள் என்றால் எந்த ஆளும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முறை இருக்கிறது. மாமியாரிடம் மருமகள் "உப்பைக் குறைச்சுக்கங்க அத்தை" என்றால், "சோத்துக்குக் கணக்குப் பாக்கறா" என்று அன்று மாலையே பக்கத்து வீட்டில் புலம்பல் கேட்கும். அதையே பேத்தி சொன்னால் செல்லம். "ஆத்தா, நீ இன்னொரு ஊறுகாய்த் துண்டு எடுத்தா நான் சாப்புட மாட்டேன்" என்று ஒரு எட்டு வயதுக்காரி மிரட்டி, கிழவி கையை வட்டலிலேயே வைத்துவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் மூன்று முறை அதே கிழவியிடம் விளக்கியிருந்தேன். வீண்.

பீடி, சாராயம் விஷயத்தில் மகன் சொன்னால் மானக்கேடு. மனைவி சொன்னால் தினசரிச் சண்டையில் ஒரு வரி கூடும். மச்சான் சொல்லலாம். மாமன் மச்சான் உறவில் கேலிக்கு அனுமதி உண்டு. "மாப்ள, மாடிப்படி ஏறும்போது எந்தங்கச்சி உன்னையத் தூக்கிட்டுப் போறாளாமா?" என்று சபையில் சிரித்துக்கொண்டே கேட்க அவரால் முடியும். அதில் அதட்டல் இல்லாததால் முறுக்கவும் முடியாது. குடும்பத்தில் பெரிய முடிவு என்றால் தாய்மாமனைக் கூட்டி வாருங்கள். கல்யாணத்துக்குத் தேவைப்படும் அந்த மனிதர், மருத்துவமனைக்கும் தேவைப்படுவார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொங்கு என்றாலே ஒரு சாதியின் சீர்முறையும் தோட்டத்து வீடும்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். ஊர்ப் பெரியவரை மேடையேற்றிப் பேச வைத்தால் செய்தி அவர் தெருவோடு நின்றுவிடும். அவர் மேடையில் இருப்பதாலேயே அருந்ததியர் தெருவிலிருந்து யாரும் வராமல் போன முகாம் எனக்குத் தெரியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் குடும்பங்களுக்குத் தறி ஓடாத நேரம்தான் காது கேட்கும். திருப்பூரில் லைன் வீடுகளில் இருக்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளிக்கு உங்கள் தமிழ்ச் சுவரொட்டி வெறும் படம். ஒவ்வொரு தெருவுக்கும் 'நம்மாளு' வேறு. அது யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நான்காம் படி: வினைச்சொல்லில் கை வையுங்கள்

'கட்டாயம்', 'கூடவே கூடாது', 'உடனே நிறுத்துங்கள்'. அரசுச் சுவரொட்டித் தமிழின் மூன்று தூண்கள் இவை. இப்படி அதட்டும் நடை முறுக்கலைக் கூட்டும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொங்குத் தமிழில் இதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது. 'பண்ணுங்க' என்பதைவிட 'பண்ணிப் பாக்கறீங்களா' இறங்கும். 'பண்ணோணும்' என்பதைவிட 'பண்ணுனா நல்லாருக்குமுங்க' இறங்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். 2000இல் கெகன், பாஸ்கல் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் வழியில் போவோரிடம் பேருந்துக்குக் காசு கேட்டுப் பார்த்தார்கள். 'கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்' என்று ஒரு வரி சேர்த்ததும் கொடுத்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். பின்னால் வந்த சுகாதாரத் தொடர்பு ஆய்வுகளும், செய்தியின் கடைசியில் இப்படி ஒரு வரி வைத்தால் முறுக்கல் தணிகிறது என்றன. படித்த உற்சாகத்தில் அடுத்த முகாமிலேயே ஒவ்வொருவரிடமும் "அப்புறம் உங்க இஷ்டமுங்க" என்று முடித்தேன். ஒரு அம்மா முகம் சுருங்கிப் போய், "ஏனுங் கண்ணு, கோவிச்சுக்கிட்டீங்களா?" என்றார்.

நம் பேச்சில் 'உங்க இஷ்டம்' என்பது கை கழுவுவது. சண்டையின் கடைசி வரி அது. பிரான்சில் விடுதலை தந்த வாக்கியம் பவானியில் பிணக்காகிறது. இப்போது நான் வேறு மாதிரி முடிக்கிறேன். "உங்களுக்குத் தெரியாததில்லீங்க. ஊட்ல ரோசனை பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் அடுத்த செவ்வாய்க்கெழமை இந்தப் பக்கம்தான் வருவனுங்க." முடிவு அவர் கையில். நானும் கைவிடவில்லை. கிழமையைச் சொல்லிவிட்டதால் நான் போயே ஆக வேண்டும் என்பது தனிக் கதை.

ஐந்தாம் படி: பயம் காட்டினால் வழியும் காட்டுங்கள்

இது சுருக்கமானது. 1992இல் கிம் விட்டே சொன்னது போல, பயம் மட்டும் கூடி 'என்னால் முடியும்' என்ற தெம்பு கூடாவிட்டால், மனிதர்கள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிக்கப் பார்ப்பார்கள். "எல்லாம் விதிங்க" என்பார்கள். சிகரெட் பெட்டியில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் பெட்டியைப் பார்ப்பதே கிடையாது. அதில் அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும்தான் பார்ப்பதில்லை. அழுகிய கால் படத்தைச் சுற்றுக்கு விடும் நேரத்தில், அந்த எண்ணை அவர் போனில் ஏற்றிக் கொடுங்கள்.

ஆறாம் படி: மறைக்க வேண்டிய சீக்கை மைக்கில் கூப்பிடாதீர்கள்

பெருந்துறை சானடோரியம் என்று, அந்தக் காலத்துக் காசநோய் மருத்துவமனையைச் சொன்னால் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இன்னும் குரல் தாழும். காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது, வழக்கமான வகைக்கு 6 மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். ஆனால் கல்யாண வயதில் பெண்ணோ பையனோ இருக்கும் வீட்டில், இருமல் இருக்கிறது என்று ஒத்துக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. பொண்ணு பார்க்க வருபவர்கள் மூன்று தெரு தள்ளி விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த அம்மா சளி பரிசோதனைக்கு வராததற்கு அறியாமை காரணம் இல்லை. அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு.

இதற்குச் செய்தியை மாற்றிப் பயனில்லை, ஏற்பாட்டை மாற்ற வேண்டும். 'காசநோய் முகாம்' என்ற பேனர் வேண்டாம். கொதிப்பு, சர்க்கரை, கண் எல்லாம் சேர்ந்த பொது முகாமில் இருமலையும் ஒரு கேள்வியாக வையுங்கள். பேரைச் சத்தமாகக் கூப்பிடாமல் டோக்கன் எண் கொடுங்கள். முடிவை வீட்டில் தனியாகச் சொல்லுங்கள், அதுவும் வாசலில் வண்டி நிறுத்தாமல்.

ஏழாம் படி: வதந்தி வரும் முன்னால் போய்ச் சேருங்கள்

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியால், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பெற்றோர் தயங்கினார்கள். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மறைவு. தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள், பின்னால் ஆய்வுக் குழுவும் சொன்னது. ஊருக்குள் அந்த விளக்கம் வந்து சேர்ந்தபோது முகாம் பெஞ்சுகள் காலி.

வில்லியம் மெகுவயர் 1960களில் சொன்ன யோசனை இதற்குப் பொருந்தும். கிருமியைப் பலவீனமாக்கி உடம்புக்குக் காட்டுவது போல, வரப்போகும் பொய்யை அதன் பதிலோடு முன்கூட்டியே காட்டிவிடுவது. "ஊசி போட்ட மறுநாள் எங்காவது யாருக்காவது ஏதாவது ஆகும், அது போனில் வரும். வந்தா என்னையக் கூப்பிடுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சந்தேகப்படுபவரை முட்டாள் என்று நினைக்காதீர்கள். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீரைத் தேக்கி வைத்து, கிணறும் தென்னையும் கெட்டதைப் பார்த்தவர்கள் இவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை, தண்ணீர் நன்றாக இல்லை என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. "அப்ப வராத அக்கறை இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டால், "நீங்க கேக்கறது ஞாயமுங்க" என்று முதலில் சொல்லுங்கள். அடுத்த வரிக்கு அவசரப்பட வேண்டாம்.

எட்டாம் படி: சாமியோடு மோதாதீர்கள்

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில் உண்டு. கொள்ளை நோய் வந்த காலத்தில் மக்கள் அதற்கு அம்மன் பேர் வைத்துக் கும்பிட்டார்கள். 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி சிலை வைத்தார்கள். கேலி செய்தவர்கள் பலர். நான் செய்யவில்லை, எனக்கு வேலை இருக்கிறது.

சின்னம்மை வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாள் உள்ளே வர மாட்டார், நோயாளியைத் தனியாகப் படுக்க வைப்பார்கள், இளநீரும் கம்மங்கூழும் கொடுப்பார்கள். இதில் எதை எதிர்க்கப் போகிறீர்கள்? தனிமைப்படுத்தலை நம் ஆட்கள் வேப்பிலையால் எழுதியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்றைச் சேருங்கள்: மூச்சு வாங்கினாலோ, தலை தூக்க முடியாமல் மயங்கினாலோ, வந்திருப்பது கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ என்றாலோ, தண்ணீர் ஊற்றும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். "ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டு ஆசுபத்திரிக்குப் போலாமுங்க, ஆத்தா கோவிக்க மாட்டா" என்று சொல்வது கோயில் பூசாரியாக இருந்தால் இன்னும் நல்லது. நோம்பி சாட்டுவதற்கு, அதாவது கோயில் திருவிழா அறிவிப்பதற்கு, முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள். கம்பம் நட்ட பிறகு அவருக்கு நேரம் இருக்காது.

ஒன்பதாம் படி: பேரம் வரும் வரை விடாதீர்கள்

துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் நாலைந்து பேரிடம் படித்துக் காட்டி, "இதை உங்க ஊட்டுக்காரங்ககிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். புரிந்ததா என்று கேட்டால் "சரிங்க" வரும், தெரிந்ததுதானே. திருப்பிச் சொல்லும்போது எந்த வரியை விடுகிறார்களோ, எந்த வரியில் சிரிக்கிறார்களோ, அங்கே வேலை பாக்கி.

இரண்டு வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போங்கள். முகாமை விட இந்தப் போக்குவரத்துதான் வேலை. மாட்டுச் சந்தையில் கவனித்திருப்பீர்கள். வாங்க நினைக்காதவர் "நல்ல மாடுங்க" என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார். வாங்க நினைப்பவர்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி சரியில்லை என்பார், விலை பேசத் துண்டுக்குள் கையை விட்டு விரலை அழுத்துவார்.

காங்கயத்துப் பெரியவர் வீட்டுக்கு நான் நான்காவது முறை போனபோது அவர் பேத்தியும் இருந்தாள். டீயில் சர்க்கரையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"சரி கண்ணு, காலைல டீக்கு உட்டர்றனுங்க. பொழுதோட குடிக்கறதுல பாதி. ஆனா பழனிப் பஞ்சாமிர்தம் வந்தா ஒரு விரல் நக்குவேன், அதுக்கு நீங்க ஒண்ணுஞ் சொல்லக் கூடாதுங்க."

"ரெண்டு வேளையும் உட்டா என்னங்க?"

"அது ஆகாதுங்க."

குறிப்பேட்டை எடுத்து, காலை டீ, மாலை பாதி என்று எழுதிக்கொண்டேன். பேத்தி எட்டிப் பார்த்து, "விரலுன்னா எந்த விரலு, அப்பாரு?" என்றாள். சுண்டு விரலில் முடிந்தது.